பானை இல்லாத கூண்டு

...கட்டாவிட்டால் மட்டும் என்ன ஆகிவிடும், குருவி செத்தா போகும், கடைகளில் எல்லாம் பானையா கட்டி வைத்திருக்கிறார்கள், கம்பியில் வரிசையாக உட்கார்ந்து தினையைக் கொறித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, அதுகள் பாட்டுக்குக் காலம் தள்ளவில்லையா... சபுரா அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து மடியில் கிடந்த மண்பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழனியில் வாங்கி வந்தது, பக்கவாட்டில் குருவி நுழைகிற அளவுக்கு ஓட்டை, கழுத்தில் கம்பி. நேற்று முழுக்கத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வந்த கொஞ்சூண்டு வெயிலில் காயவைத்து, எல்லாம் செய்தாயிற்று, கூண்டுக்குள் மாட்டுவது ஒன்றுதான் பாக்கி. லவ் பேர்ட்ஸ் வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் இது, பானை இல்லாத வரைக்கும் ஜோடி சும்மா ஜோடியாகவே இருக்கும், பானையைக் கட்டினால் ரெண்டு நாளில் பெட்டை உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஆக, குஞ்சு வேண்டுமா வேண்டாமா என்பது குருவியின் பாடு இல்லை, கட்டுகிறவள் கைப்பாடு. கை... இந்தக் கை என்கிற பேச்சு வந்தாலே இப்போதெல்லாம் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறாள். மதியத் தொழுகை லுஹரை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலத் தொழுகை அஸருக்குள், குஞ்சு கேட்டிருக்கிற வடிவு வந்துவிடுவாள், வட்டக்கானலில் மதியச் சமையல் வேலை முடிந்ததும் ஜீப் பிடித்து வருவதாக நேற்றே போனில் சொல்லிவிட்டாள். அதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

கூண்டுக்குள் நீலக் குருவி மறுபடியும் தினைக் கிண்ணத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். வாலை உயர்த்தி, நெஞ்சைத் தினைக்குள் அழுத்தி, காலால் பரட் பரட்டென்று சுரண்டி, நாலாபக்கமும் இறைத்துக்கொண்டு... ஏன்டி, அது சாப்பாட்டுக் கிண்ணம்டி, பிள்ளை பெறுகிற இடமா அது? அலகுக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன மேடு போன மாதம் வரை வெளிறிக் கிடந்தது, இப்போது நல்ல காப்பிக்கொட்டை நிறத்துக்கு ஏறிவிட்டது, அப்படி ஏறினால் பெட்டை தயார் என்று அர்த்தம். பச்சைச் சேவல் வேறு சும்மா இருக்கிறானா, விடிந்ததிலிருந்து தலையை ஆட்டி ஆட்டி, தின்றதைக் கக்கி அவள் வாயில் ஊட்டி, ஒரே உபசாரம். பார்க்க ஆசையாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. அவள் இறக்கையைப் பார், ஒரு குறை சொல்ல முடியுமா, வால்தான் எவ்வளவு நீளம், இதுக்கா வியாதி இருக்கும்? இருக்காது. இருக்காது என்று யார் சொன்னது, டாக்டரா சொன்னார்? டாக்டர் சொன்னது வேறு. மதுரையில் படிக்கிற மகன் ஃபவாஸ்தான் இந்த நீலக் குருவியோடு பிறந்து இறகு உதிர்ந்த ரெண்டு மொட்டைக் குஞ்சுகளையும் செருப்பு டப்பாவில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினான், அந்த டாக்டரம்மா போனை வாங்கிச் சபுராவிடமே பேசினார். "இது இறகு வியாதிங்கம்மா, கிருமி. கூடப் பொறந்தது பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா உள்ள வச்சிருக்கும், குஞ்சுக்குக் கொடுத்துரும். இந்தக் குடும்பத்துல இனிமே ஜோடி சேர்க்காதீங்க." வச்சிருக்கும் என்றாரா, வச்சிருக்கலாம் என்றாரா, இப்போது கேட்டால் சரியாக ஞாபகமில்லை. வேண்டாத விஷயம் என்றால் ஞாபகமும் நைசாக நழுவிக்கொள்கிறது.

நீலக் குருவி பிறந்த ஈட்டில் குஞ்சு நாலு. போன வருஷ மழையில் பொரித்தது. நாலும் கண் திறந்து, முள்முள்ளாய் இறகு முளைத்து, பானை ஓட்டையில் தலையை நீட்டித் தெருவை வேடிக்கை பார்த்தபோது சபுராவுக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமா, சந்து முழுக்கக் கூட்டிவந்து காட்டினாள். அதில் மூத்ததை, வானநீலத்தில் கழுத்து மட்டும் வெள்ளையாக இருந்ததை, வடிவுக்கென்று ஒதுக்கிவைத்துக் கொடுத்தனுப்பினாள். அவள் அதைக் கொண்டுபோன பின்னால்தான் இங்கே இருந்த ரெண்டுக்கு இறக்கையில் இறகு ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது, பிறகு வாலும் போய், வெறும் சதையாகிக் கூண்டின் அடியில் எலி மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. பாவம், பறக்கத்தான் பார்த்தன. டப்பாவுக்குள் துணியைப் போட்டு, மேலே அறுபது வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டு, கரண்ட் போகிறபோதெல்லாம் சுடுதண்ணி பாட்டிலை அணைத்துவைத்து, என்ன செய்தும் ரெண்டும் பிழைக்கவில்லை. நாலாவதுதான் இவள். இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்றால் ஆகவில்லைதானே, கண்ணுக்கு எதிரே நிற்கிறாளே. அப்படியே விட்டிருக்கலாம், தனியாகவே வைத்திருக்கலாம். ஆனால் பெற்ற ஜோடியும் போய்விட்ட பிறகு ஒற்றைக் குருவி கத்துகிற கத்தலைக் கேட்க முடியாமல் பழனியிலிருந்து இந்தப் பச்சைச் சேவலைப் பிடித்துவந்து விட்டது யார், டாக்டரா? துணைக்குத்தான் விட்டாளாம், ஜோடிக்கு இல்லையாம். எவ்வளவு அழகாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வடிவு முன்பு இதே சந்தில், பின்வரிசை வீட்டில் குடியிருந்தவள். தொட்டது துலங்காதவள் என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரைச் சூட்டியது மாமியார்க்காரி. நட்ட பிளம்ஸ் செடி பட்டுப்போனது, வளர்த்த கோழிகளைச் சீக்கு வாரிக்கொண்டு போனது, கீழே வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பின புருஷன் போனவன் போனவன்தான், எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்து இவள் கைமேல் எழுதிவிட்டாள் அந்த அம்மாள். அவள் போய்ச் சேர்ந்து இத்தனை காலமான பிறகும் வடிவு அதை விடுகிறபாடில்லை. கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டைத் தொடமாட்டாள், யார் பிள்ளையையும் தூக்கமாட்டாள், கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு ஓரமாக நிற்பாள். ஏன், அதே கைதானே அந்த வட்டக்கானல் கெஸ்ட் ஹவுஸில் தினமும் இருபது பேருக்குச் சப்பாத்தி தட்டுகிறது, எங்கெங்கிருந்தோ வருகிற பிள்ளைகள் தின்றுவிட்டு அவளையும் அடுப்பையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அதெல்லாம் துலங்கல் இல்லையா? சொன்னால் சிரிப்பாள். "சப்பாத்திக்கு உசுரு இருக்காக்கா?" என்பாள். அப்படிப்பட்டவள்தான் போன வருஷம் ஒருநாள் இதே கூண்டுக்கு முன்னால் நின்று, "ஒரே ஒரு உசுரு எங்கையில வளந்து பாத்துறணும்க்கா. நீங்க குடுத்தா நிக்கும்," என்று கேட்டாள். நாற்பத்தைந்து வயதில், வெட்கப்பட்டுக்கொண்டு. சின்னக் கூண்டில் குஞ்சை விட்டு, தினை கட்டி, அலகு தீட்டக் கணவாய் மீன் ஓடு ஒன்றைச் செருகி, கூண்டைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள் சபுரா. வடிவு அங்கிருந்து எடுத்துக்கொண்டாள், ரெண்டு கையாலும்.

அந்த போன்... பனிக்காலம், நல்ல பனி, காலையில் புல்லெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகக் கிடந்த நாள். "அக்கா, குருவிக்கு இறக்கை கொட்டுதுக்கா, வாலும் போயிருச்சு. என்னக்கா செய்ய?" அப்போது சபுராவின் காலடியில்தான் அந்தச் செருப்பு டப்பா இருந்தது, பல்பு எரிந்துகொண்டிருந்தது, டாக்டர் பேசி முழுசாக ஒரு வாரம் ஆகியிருந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான், இங்கேயும் அப்படித்தான் வடிவு, இது என் வீட்டிலிருந்தே வந்த வியாதி. வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "பனியா இருக்கும் வடிவு. வட்டக்கானல் பனி என்ன லேசுப்பட்ட பனியா?" இந்த ஊரில் எதற்குத்தான் பனி காரணமில்லை, இருமலா பனி, மூட்டுவலியா பனி, பால் திரிந்ததா அதற்கும் பனி, யாரும் ரெண்டாவது கேள்வி கேட்கமாட்டார்கள். வடிவும் கேட்கவில்லை. "ஆமாக்கா, வெள்ளனே கூண்டைக் கழுவணும்னு வெளிய வச்சேன். அதான் போல. எம்புத்திய..." என்றவள், கொஞ்சம் கம்பளி நூல் இருந்தால் ஜீப்பில் கொடுத்துவிடச் சொன்னாள். சபுரா கொடுத்துவிட்டாளே, அதைத்தான் நினைக்க முடியவில்லை. வீட்டுக்காரர் அலாவுதீனின் ஸ்வெட்டர் கடையில் போய், பிள்ளைகளுக்குப் போடுகிற மெத்தென்ற மஞ்சள் நூலாகப் பார்த்து, தானே தேர்ந்தெடுத்து, பொட்டலம் கட்டி, டிரைவரிடம் பத்திரம் என்று வேறு சொல்லி... மூன்றாம் நாள் போனில் படம் வந்தது. இறகே இல்லாத குருவிக்கு மஞ்சளில் ஒரு சின்னச் சட்டை, கை நுழைக்க ரெண்டு ஓட்டை, அதில் இறக்கைக்குப் பதில் ரெண்டு குச்சி. அதற்கப்புறம் படம் வரவில்லை, குரல்தான் வந்தது. "போயிருச்சுக்கா. எங்கை மாறுமா?" என்றாள். அழக்கூட இல்லை. "விடு வடிவு, எல்லாம் அல்லாஹ்வோட நாட்டம்," என்றாள் சபுரா. பனிமேல் போட்டது போதாதென்று அல்லாஹ்மேலும் ஒரு பங்கைப் போட்டாள்.

இவ்வளவுக்கும் காரணம் என்ன, ஒரு பெயர். சபுராவின் கை ராசியான கை. அதுவும் யாரோ கிளப்பிவிட்டதுதான், பட்டர் ஃப்ரூட் வண்டிக்காரன் ஒருத்தன் ஒருநாள் இவளிடம் போணி செய்துவிட்டு மத்தியானத்துக்குள் வண்டியைக் காலி செய்துவிட்டானாம், அன்றிலிருந்து பிடித்தது. புதுக்கடை திறந்தால் முதலில் இவளைக் கூப்பிட்டு ஏதாவது ஒன்றை வாங்கவைப்பார்கள், கேரட் விதையைக் கொண்டுவந்து கைபட்டுத் தரச் சொல்வார்கள், கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணுக்கு இவள் கையால் பூ வாங்கிக்கொடுப்பார்கள். கையில் ஒன்றும் கிடையாது, சகுனம் பார்ப்பது ஆகாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் எத்தனை பயான் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார், இவளும் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டிருக்கிறாள். வெளியே வந்ததும் யாராவது, "அக்கா, உங்க கையால..." என்று ஆரம்பித்தால் போதும், உடம்பெல்லாம் குளிர்ந்துபோகும். வாய் மட்டும், அட போங்கம்மா என்னத்தப் பெரிய கை, என்று சொல்லும். அந்தப் பெயரில்தான் குருவியும் போனது, சபுரா வீட்டுக் குஞ்சு என்றால் நோய்நொடி இருக்காது என்று ஊரில் ஒரு பேச்சு. இவள் கை ராசியாக இருக்க வேண்டுமென்றால் வடிவின் கை ராசியில்லாமல் இருந்தாக வேண்டும், இதை எப்போதாவது இப்படி நேராக நினைத்துப் பார்த்திருக்கிறாளா? இல்லை. இப்போது நினைத்ததும் பானையைக் கீழே வைத்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட வந்த மனுஷனிடம் சொல்லித்தான் பார்த்தாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு கெடக்க? பானையக் கட்டு. நல்லா வந்தா வருது, இல்லாட்டிப் போகுது. குருவிதானே," என்றார் அலாவுதீன். குருவிதான். வடிவிடம் பழைய விஷயத்தைச் சொல்லிவிடவா என்று கேட்டதற்குத்தான் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இப்பப் போயி சொல்லி என்னத்த ஆவப்போவுது? அவ எப்பவோ மறந்திருப்பா. நீயாப் போயி வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிறாத. நம்ம வீட்டுக் குருவின்னா நாலு பேரு நம்பி வந்து கேக்குறாங்க." மறந்திருப்பாளா? மறந்தவளா நேற்று அப்படிப் பேசுவாள்? "அதே தாய்க்குப் பொறந்தது ஒண்ணு உங்ககிட்ட இருக்குல்லக்கா, அதுக்குப் பானை கட்டுங்க, உங்க கையாலயே கட்டுங்க, நான் பக்கத்துலகூட வரல. குஞ்சு வந்தா நல்லாத் தெம்பா ஆனதுக்கு அப்புறம் வாங்கிக்கிறேன். இந்தத் தடவை வெளியவே வைக்க மாட்டேன்," என்றாள். வெளியவே வைக்க மாட்டேனாம். இவளும் பெரிய மனுஷி மாதிரி, சரி வா பார்க்கலாம் என்றாள். பிறகு யோசித்தால், வடிவு அந்தப் பேச்சு பூராவும் எதையோ கேட்க வந்து கேட்காமல் விட்டது போலவும் இருந்தது. அந்த மாமியார்க்காரியே தூக்கி வளர்த்த வடிவின் மகள் சரண்யாவுக்கு மாதம் நிறைந்திருக்கிறது, பழனியில் புருஷன் வீட்டில் இருக்கிறாள், அந்தக் கவலையாக இருக்கும்.

மலைச்சரிவிலிருந்து மேகம் ஏறி வந்து கொடியில் கிடந்த துணிகளை மறைக்க ஆரம்பித்தது. சபுரா எழுந்துபோய்க் கூண்டுக்கு முன்னால் நின்றாள். பானையைக் கட்டினால் என்ன ஆகும், முட்டை வரும், அடைகாப்பாள், குஞ்சு வரும், நாலும் நன்றாக முளைக்கும், பிறகு ஒருநாள் காலையில் கூண்டின் அடியில் ஒரு நீல இறகு கிடக்கும், நீளமானது, இறக்கையிலிருந்து விழுந்தது. அதைப் பார்க்கிற தைரியம் தனக்கு இல்லை. வடிவு கையில் இன்னொரு முறை ஒன்று மொட்டையாகிச் சாவதா, தெரிந்தே கொடுப்பதா, அது கொலைக்குச் சமானம் இல்லையா. வேண்டாம். கட்ட வேண்டாம். ஆகா, முடிவு வந்துவிட்டது, எவ்வளவு லேசாக இருக்கிறது நெஞ்சு... சரி, வடிவு கேட்டால்? கேட்டால் சொல்லிவிட வேண்டியதுதான், இது முட்டை வைக்கிற குருவி இல்லை வடிவு, மலடு போலிருக்கிறது, நானும் பானை கட்டிப் பார்த்துவிட்டேன். வாக்கியம் தானாக வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது, யாரும் கூப்பிடவில்லை. கிண்ணத்துக்குள் நீலக் குருவி நெஞ்சை அழுத்திச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அடிப்பாவி, முதலில் பனி, அப்புறம் அல்லாஹ், அப்புறம் ஒரு வாயில்லாத மனுஷியின் கை, இப்போது இந்தக் குருவியின் வயிறா? யார் தலையில் கட்டினாலும் கட்டுவாய், உன் வீட்டில்தான் வியாதி என்று ஒருதடவை சொல்லமாட்டாய், இல்லையா? சொல்ல மாட்டேன்தான் போலிருக்கிறது. ஆனாலும் பானையைக் கட்டவில்லையே, பெரிய பாவத்தைச் செய்யவில்லையே, சின்னதுதானே இது, யாருக்கும் நஷ்டமில்லாதது... கொல்லைப் பக்கம் தகரக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

வடிவு தலையில் ஸ்கார்ஃபும், தோளில் ஒரு துணிப்பையுமாக வந்து நின்றாள், மூச்சு வாங்கியது. கை ரெண்டும் வழக்கம்போலச் சேலைத் தலைப்புக்குள். சபுரா உள்ளே போய்க் கேத்தலில் இருந்த டீயை டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். வடிவு அதைப் பார்க்கவேயில்லை. கூண்டையும் பார்க்கவில்லை. இப்போதே சொல்லிவிட வேண்டும், கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டால் நல்லது என்று சபுரா அவசரமாக ஆரம்பித்தாள். "வடிவு, இந்தக் குருவி விஷயம்... இது என்னமோ..."

"குருவி கெடக்கட்டும்க்கா," என்றாள் வடிவு. "சரண்யாவுக்கு வலி எடுத்துருச்சு. ஆஸ்பத்திரியில சேத்துட்டோம்னு போன் வந்துச்சு. முக்குல ஜீப்பை நிப்பாட்டிட்டு வந்திருக்கேன். நீங்களும் வரணும்க்கா, பழனிக்கு. ராத்திரி மட்டும் தங்குனாப் போதும், காலையில நானே ஏத்தி விடுறேன்." அவ்வளவு நேரமும் வராத திக்கல் அதற்கப்புறம்தான் வந்தது அவளுக்கு. "புள்ளை பொறந்ததும்... சேனைத் தண்ணி... நீங்கதான் வைக்கணும்."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர், வைக்கிறவர் குணமும் ராசியும் பிள்ளைக்கு ஒட்டும் என்பார்கள், சொந்தத்தில் யார் வைப்பது என்று சண்டைகூட வரும். சபுரா ஒரு எட்டு முன்னால் வந்தாள். "என்ன பேச்சு இது? அவளப் பெத்த தாய் நீ இருக்கிறப்ப நான் எதுக்கு?"

"நான் தொடல. சரண்யாகிட்டயும் சொல்லிட்டேன், தூக்க மாட்டேன்னு. அழுகுறா. அழுதா அழட்டும்க்கா, ஒரு குருவிகூட நிக்கலயே எங்கையில, அந்தப் புள்ளைய எப்பிடித் தொடுவேன்?" என்றாள் வடிவு. அதைத் துக்கமாகச் சொல்லவில்லை, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மலடு என்று சொல்லத் தயாராக இருந்த நாக்கு அப்படியே கிடந்தது. இதற்கு எந்தப் பொய்யைச் சொல்வது, பனியா, குருவியா? மத்தியானம் முழுக்கப் பானையைக் கட்டுவதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டாளே, அது ஒரு கேள்வியே இல்லை, அதைக் கட்டாமல் விட்டதில் இவளுக்கு ஒன்றுமே குறையவில்லை. ராசியான கை என்கிற பெயர் போகப்போவது இப்போதுதான். முக்கிலிருந்து ஜீப் ஹார்ன் அடித்தது. சொல், சபுரா, சொல்லித் தொலை, அங்கே ஒரு பிள்ளை வந்துகொண்டிருக்கிறது...

"வடிவு, அது பனி இல்ல," என்றாள்.

வடிவு சிரித்தாள். "தெரியும்க்கா. எங்கைதான் காரணம்னு சொன்னா நான் சங்கடப்படுவேன்னு நீங்க பனின்னு சொன்னீங்க. எனக்குப் புரியாதா? வேற யாராச்சும்னா மூஞ்சிக்கு நேரயே சொல்லியிருப்பாங்க."

ஹார்ன் மறுபடியும் அடித்தது. இல்லை, அப்படி இல்லை, இன்னும் ஒரு வாக்கியம் இருக்கிறது, அதைச் சொன்னால்தான்... சபுரா வாயைத் திறப்பதற்கு முன்னால் கையை நீட்டினாள், வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் வந்துவிடும் என்று தோன்றியது. வடிவு பதறி ரெண்டடி பின்னால் போனாள், கை தலைப்புக்குள் இன்னும் ஆழமாக ஒளிந்துகொண்டது. "வேணாம்க்கா, பச்சப்புள்ளைய தொடப்போற கை," என்றாள். பானையின் மண்தூசி ஒட்டிய கை அந்தரத்தில் நின்றது. டீ டம்ளர் கல்லின் மேல் ஆறிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் குருவிக் கூண்டும் அதே கல்லின் மேல்தான் இருந்தது, பெருநாள் பிரியாணிச் சட்டியும், கம்பளி நூலுக்கு முன்னால் கொடுத்த பழைய ஸ்வெட்டரும், எல்லாம் அந்தக் கல்லின் மேல்தான், எடுத்துக்க வடிவு, எடுத்துக்க... இத்தனை வருஷத்தில் வடிவின் கை சூடா, சில்லிப்பா என்றுகூடத் தனக்குத் தெரியாது என்பது சபுராவுக்கு அப்போதுதான் உறைத்தது.